‘ஸ்டாஃபாஜ்’ என்பதற்குத் ‘துணையுரு’: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நிலக்காட்சி ஓவியத்தில் இடம்பெறும் சிறிய மனித, விலங்கு உருவங்களைக் குறிக்கும் ‘ஸ்டாஃபாஜ்’ என்ற சொல்லுக்கு ‘அணியுரு’, ‘நிரப்புரு’, ‘கருப்பொருள்’ என மூன்று சொற்கள் நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றை ஓர் ஓவியத்தோடு பொருத்திப் பார்த்தபின், ‘துணையுரு’ என்பதைப் பரிந்துரைக்க விரும்புகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது, ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் தீட்டி, இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் ‘ஹே வெய்ன்’. (இதை ‘வைக்கோல் வண்டி’ என்று தமிழாக்குவது பொருந்தாது. வைக்கோல் என்பது நெற்கதிர் அடித்தபின் எஞ்சும் தாள். இங்கே குறிக்கப்படுவது அறுத்து உலர்த்திய புல்.) இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஸ்டூர் ஆற்றின் ஆழமற்ற நீரில், குதிரைகள் பூட்டிய வெறும் வண்டி நிற்கிறது. இடப்புறம் வில்லி லாட் என்ற உழவரின் வீடு. வலப்புறம் வெயில் விழுந்த புல்வெளி. அதன் கோடியில், உற்றுப் பார்த்தால் மட்டுமே தென்படும் அளவில், புல் அறுப்போர்.

‘அலங்கரித்தல்’ என்று பொருள்படும் ஜெர்மன் வினையிலிருந்து வந்த சொல் என்பதால் ‘அணியுரு’ வேர்ப்பொருளுக்கு நெருக்கமானதே. ஆனால் அந்த அறுவடைக்காரர்கள் அணி அல்லர். அவர்களைக் கண்ட பிறகுதான் வெறும் வண்டி எங்கே போகிறது என்பது நமக்கு விளங்குகிறது. ‘நிரப்புரு’வும் ஒவ்வாது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள முழு அளவு முன்வரைவில், கரையில் நிற்கும் நாய்க்கு அருகே குதிரை மீது ஒருவர் இருக்கிறார். முடிந்த ஓவியத்தில் அவர் இல்லை. இடத்தை நிரப்புவதே நோக்கமென்றால் அவரை நீக்கியிருக்கத் தேவையில்லை. ‘கருப்பொருள்’ என்னை மிகவும் ஈர்த்தது, ஏனெனில் திணை இலக்கணத்தில் நிலத்துக்குரிய மக்கள், விலங்கு, தொழில் யாவும் அதில் அடங்கும். எனினும் இன்றைய வழக்கில் அது மையக்கருத்து என்று ஆகிவிட்டதால், நேர்மாறான பொருளையே தந்துவிடும்.

‘துணை’ என்பதில் சார்ந்திருத்தலும் உண்டு, உடனிருத்தலும் உண்டு, தாழ்வு இல்லை. வண்டியையும் துணையுரு எனலாமா என்று ஒருவர் கேட்கலாம். லண்டனில் இருந்து தீட்டிய கான்ஸ்டபிள், வண்டியின் அமைப்பு பிழையாகிவிடாதிருக்க, சஃபோக்கிலிருந்து அதன் வரைபடத்தைக் கேட்டுப் பெற்றார். அத்தனை அக்கறை அதன்மீது. ஆயினும் 1821இல் அரச கலைக்கழகத்தில் அவர் இதற்கு இட்ட பெயர் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்பதே. வண்டியைச் சுட்டும் ‘ஹே வெய்ன்’ என்ற பெயர், அவருடைய நண்பர் ஃபிஷர் வழங்கியது. ஓவியரின் எண்ணத்தில் முதன்மை அந்த நண்பகலுக்கே என்றால், நடுவே பெரிதாக நிற்கும் வண்டியும் துணையுருவே. ஆகவே ‘சிறிய மனித, விலங்கு உருவங்கள்’ என்னும் நம் விளக்கக் குறிப்பிலிருந்து ‘சிறிய’ என்ற அடையை நீக்கிவிடலாம் என்று கருதுகிறேன்.