பில்லில் தானாக ஏறும் சர்வீஸ் சார்ஜ்: உங்கள் அனுபவம் என்ன?

போன மாதம் சென்னையில் ஒரு பெரிய ரெஸ்டாரெண்டில் குடும்பத்தோடு சாப்பிட்டோம். சாப்பாடு 2,400 ரூபாய். அதன் கீழே சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 240. இரண்டையும் கூட்டி 2,640-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 132. ஆக 2,772. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 2,520தான் வந்திருக்கும். அந்த 240-க்கும் சேர்த்து நம்மிடம் வரி வாங்குகிறார்கள். என் மைத்துனர் சர்வீஸ் சார்ஜும் அரசாங்க வரிதான் என்று இத்தனை நாள் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அரசாங்கத்துக்குப் போவது ஜிஎஸ்டி மட்டும்.

மேனேஜரைக் கூப்பிட்டு சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னேன். “எல்லா டேபிளுக்கும் இதுதான் சார், மெனு கார்டுலயே போட்டிருக்கோம்” என்றார். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதியே சொல்லிவிட்டது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதற்குத் தடை வாங்கி வைத்திருந்தன. 2025 மார்ச் 28-ஆம் தேதி நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, மனுவுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. இதைப் பொறுமையாகச் சொல்லி, “நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணட்டுமா?” என்று கேட்டேன். புது பில் வந்துவிட்டது.

ஆனால் பரிமாறிய தம்பியின் முகம் வாடிவிட்டது. அம்மாவுக்குக் காரம் ஆகாது என்றதும் கிச்சனுக்கே போய்த் தனியாகச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். கையில் 200 ரூபாய் கொடுத்தேன். சர்வீஸ் சார்ஜில் உங்களுக்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டால், “தெரியல சார், சம்பளத்தோட சேர்ந்து வரும்னு சொல்றாங்க” என்றார். நன்றாகக் கவனித்தவருக்குக் கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை. யாருக்குப் போகிறது என்று அவருக்கே தெரியாத பணத்தை நான் ஏன் கட்ட வேண்டும்?

*

நான் மதுரையில் சப்ளையராக இருந்தவன். எங்கள் கடையில் டிப்ஸை எல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு, ராத்திரி கடை சாத்தியதும் பிரிப்போம். டேபிள் துடைப்பவர், தண்ணீர் வைப்பவர், பார்சல் கட்டுபவர் எல்லாருக்கும் பங்கு உண்டு. அப்போதெல்லாம் பில் தட்டில் சோம்போடு மீதிச் சில்லறையை நீட்டினால் 10, 20 அதிலேயே தங்கிவிடும். இப்போது எல்லாரும் மொத்தத் தொகையை ஸ்கேன் பண்ணிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், டப்பாவில் முன்பு போல் சேருவதில்லை என்று அங்கே இன்னும் இருக்கும் கூட்டாளிகள் சொல்கிறார்கள்.

டிப்ஸையும் கல்லா க்யூஆரிலேயே சேர்த்து அனுப்பினால், அது எங்கள் கைக்கு வருவது முதலாளி மனசைப் பொறுத்தது. நோட்டாகக் கொடுங்கள். இல்லையென்றால் “உங்க நம்பருக்கு அனுப்பட்டுமா?” என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். இரண்டு இட்லி, ஒரு காபி சாப்பிட்டவர் 10 ரூபாய் வைத்தால் அதுவே பெரிசு. விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டுவிட்டு 100 ரூபாய் வைப்பவரை விட அவர்தான் எங்களுக்குப் பிடித்த கஸ்டமர்.

*

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், அப்புறம் அந்த மொத்தத்துக்கு 9 சதவீத ஜிஎஸ்டி. 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சாப்பாடு 119.90 ஆகிவிடும். அதற்கு மேல் டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை. ஊரிலிருந்து வந்த சித்தப்பா மேசையில் 5 வெள்ளி வைத்துவிட்டு எழுந்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து, பரிமாறிய பெண் வாசல்வரை ஓடிவந்து திருப்பிக் கொடுத்தார். ஹாக்கர் சென்டரில், அதாவது பல சின்னக் கடைகள் ஒன்றாக இருக்கும் பொது உணவு வளாகத்தில், சர்வீஸ் சார்ஜே கிடையாது, சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

மதுரை அண்ணனிடம் ஒரு கேள்வி: பார்சல் வாங்கினாலும் டிப்ஸ் எதிர்பார்ப்பார்களா?

*

பார்சலுக்கு யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள் தம்பி. விசேஷத்துக்கு நாற்பது, ஐம்பது பேருக்குச் சாம்பார், சட்னி தனித்தனியாகக் கட்டச் சொன்னால் மட்டும் கட்டியவர் கையில் ஏதாவது கொடுங்கள்.