கேப் ரிவால்வர் போட்டியில் சிக்கிய கதைகள்: உங்க அனுபவம் என்ன?

கரிக்கை (ஜெர்மனி):
போன மாசம் கிளப்பில் மாரியட் போட்டி, அதாவது கேப் ரிவால்வருக்கான சுடும் போட்டி. 25 மீட்டர், அரை மணி நேரத்தில் 13 குண்டு, அதில் நல்ல பத்து மட்டும் கணக்கு. என் கையில் 1851 கோல்ட் நேவியின் இத்தாலிய நகல், 36 காலிபர். நாலாவதுக்குச் சுத்தியலை இழுக்கிறேன், பாதியில் நின்றுவிட்டது. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கினேன். வெடித்த கேப்பின் (சுத்தியல் அடித்ததும் வெடித்து உள்ளே மருந்தைப் பற்றவைக்கும் குட்டித் தொப்பி) செப்புத் தகடு பூவிதழ் மாதிரி விரிந்து, சுத்தியல் இறங்கும் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. இடுக்கியால் எடுக்கவே அஞ்சு நிமிஷம். ஊரில் தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி சிக்குமே, அதே எரிச்சல். காசு மட்டும் வேற.

வீட்டில் கழற்றிப் பார்த்தேன். கூடவே வந்த நிப்பிளில் (சிலிண்டரின் பின்னால் கேப் மாட்டும் குட்டிக் குழாய்) பத்தாம் நம்பர் கேப் அடிவரை உட்காரவில்லை. முதல் அடி கேப்பை உள்ளே தள்ளுவதற்கே செலவாகி, இரண்டாவது அடியில்தான் வெடிக்கிறது. பதினொண்ணு போட்டால் தொளதொள. விரலால் லேசாக நசுக்கிப் போட்டும் பார்த்தாச்சு. அன்றைய பொழுதை ஓட்டலாம், அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ் நிப்பிள் ஆறு வாங்கி மாற்றினேன். இப்போ மரக்குச்சியால் ஒரு அழுத்து அழுத்தினால் கேப் அடி தட்டுகிறது.

பழைய ஃபிட்டர்:
தம்பி, நிப்பிள் பாதிக் கதைதான். சுத்தியல் முகத்தில் ஒரு காடி இருக்கும் பாருங்க, வெடித்த கேப்பைக் கவ்விப் பின்னால் இழுத்து வருவது அதுதான். நான் ஃபிரேமில், சுத்தியல் பள்ளத்துக்குள், ஒரு குட்டி ஆணி பொருத்தினேன். சுத்தியல் பின்னுக்குப் போகும்போது கேப் அதில் முட்டி நிப்பிள் மேலேயே நின்றுவிடும்.

சிலிண்டர் சுற்றும் அச்சையும் பாருங்க. பல நகல்களில் அச்சு நுனி குழலின் குழியில் போய் முட்டாது. அதனால் குழலை அச்சோடு பூட்டும் ஆப்பை ஓங்கித் தட்டினால் குழல் பின்னால் வந்து சிலிண்டர் இறுகும். லேசாகத் தட்டினால் குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் சந்து கூடி, சிலிண்டர் முன்னால் நழுவி, சுத்தியல் அடி கேப்பில் முழுசாக விழாது. அளவுக்குத் தேய்த்த எஃகு வில்லை ஒன்றைக் குழிக்குள் போட்டேன். ஆப்பை எப்படித் தட்டினாலும் சந்து ஒன்றுதான்.

டெக்சாஸ் தம்பி:
என்னுடையது 1858 ரெமிங்டன் நகல், ஆப்பே கிடையாது. வேற தலைவலி. கோல்ட் அச்சில் கிரீஸ் தங்கக் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும், இதில் வழவழ. இரண்டு சுற்று முடிவதற்குள் கருமருந்துக் கரி ஏறி, சிலிண்டரைக் கையால் திருக வேண்டியிருக்கு. சாதாரண கிரீஸ் கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஆச்சு. தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் உருக்கிக் கலந்து தடவுகிறேன், சுற்றுக்கு ஒரு முறை அச்சை உருவித் துடைக்கிறேன். உருக்கிய அன்று சமையலறையிலிருந்து என்னைத் துரத்திவிட்டார்கள், அது தனிக் கதை.

கரிக்கை:
ஃபிட்டர் அண்ணா, நிப்பிள் மாற்றிய பிறகு 60 சுட்டதில் இரண்டு முறை சிக்கியது. நீங்க சொன்ன காடியேதான். இங்கே ஃபிரேமில் நானே துளை போட முடியாது, உரிமம் உள்ள பட்டறையில் கொடுத்திருக்கேன். ஆணி எவ்வளவு தடிமன் வைத்தீங்க?