ஜட்ஜ் ட்ரெட்டுக்கு இப்போது என்ன வயது? மூப்படையும் ஹீரோக்களைப் படித்தவர்கள் பகிரலாம்

காகிதக்கப்பல்:
நண்பர்களே, காமிக்ஸ் ஹீரோவுக்கு வயதே ஆகாது என்பது எழுதாத சட்டம். அதையும் மீறி மூப்படைந்த அறிவியல் புனைவு நாயகர்களைப் படித்தவர்கள், எந்தக் கதையில் அந்த வயது உறைத்தது என்று எழுதுங்கள். நான் ஜட்ஜ் ட்ரெட்டில் தொடங்குகிறேன். பிரிட்டனின் ‘2000 ஏடி’ வார இதழில் 1977 மார்ச்சில் அறிமுகமானவர். வருங்கால நகரமான மெகா-சிட்டி ஒன்னில் போலீஸ், நீதிபதி இரண்டுமாக இருந்து தெருவிலேயே தண்டனை தருபவர். ஜான் வாக்னர் எழுத்து, கார்லோஸ் எஸ்கெர்ரா வடிவமைப்பு. வாசகனுக்கு ஒரு வருடம் கழிந்தால் இவருக்கும் ஒரு வருடம் கழிகிறது.

வயதைக் கண்டுபிடிக்கும் வழி: கதை வெளியான ஆண்டோடு 122ஐக் கூட்டுங்கள், கதை நடக்கும் ஆண்டு கிடைக்கும். 1977 என்றால் 2099. ட்ரெட் ஒரு குளோன், அதாவது மரபணு நகல், 2066இல் உருவாக்கப்பட்டவர். வளர்ச்சியைச் செயற்கையாக முடுக்கியதால், வெளியே எடுத்தபோதே ஐந்து வயதுப் பிள்ளையின் உடல். எனவே கதை ஆண்டிலிருந்து 2066ஐக் கழித்து ஐந்தைச் சேர்த்தால் உடலின் வயது. முதல் கதையில் 38, 1990இல் 51, 2012இல் 73, 2025இல் 86.

பலர் சறுக்குவது தொகுப்புப் புத்தகத்தில் அச்சிட்ட ஆண்டை எடுத்துக்கொள்வதால். ‘கம்ப்ளீட் கேஸ் ஃபைல்ஸ்’ 2005இல்தான் வரத் தொடங்கியது, உள்ளே இருப்பதோ 1977 கதைகள். வார இதழில் முதலில் வந்த ஆண்டைத்தான் எடுக்க வேண்டும். ஃப்ளாஷ்பேக், காலப் பயணக் கதைகளுக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

மேல்மாடி நூலகம்:
நல்ல திரி. ஒன்று சேர்க்கிறேன். வயது என்ற விஷயம் பின்னாளில் ஒட்டவைத்ததல்ல. 30ஆவது இதழிலேயே, அதாவது 1977லேயே, ரிக்கோ வந்துவிட்டான். ட்ரெட்டின் உடன்பிறந்த குளோன். ஊழல் செய்தவனை ட்ரெட்டே கைது செய்து சனிக் கோளின் நிலவான டைட்டனில் உள்ள சிறைக்கு அனுப்பியிருக்கிறார். 20 ஆண்டு தண்டனை முடித்துப் பழிவாங்கத் திரும்புகிறான். அந்த ஆறேழு பக்கத்திலேயே ட்ரெட் சாலையில் இருபது வருடம் கழித்துவிட்ட நடுவயதுக்காரர் என்பது நிலைபெற்றுவிட்டது. ஆண்டுகளை எண்ணும் பழக்கம் இந்தத் தொடருக்கு அங்கேயே வந்துவிட்டது என்பேன்.

படத்தில் வயதைத் தேடினால் ஏமாற்றம்தான். ஹெல்மெட் கழற்றாதவர், தெரிவது மூக்கின் கீழ்ப்பகுதியும் தாடையும் மட்டும். ஓவியருக்குக் கிடைப்பது வாயோரக் கோடுகள், கன்னச் சரிவு, தாடையில் மழிக்காத முடி, அவ்வளவே. அதையும் ஓவியருக்கு ஓவியர் வேறு மாதிரி போடுவார்கள். ஒருவர் வரைந்தால் ஐம்பது, அடுத்த வாரம் இன்னொருவர் வரைந்தால் முப்பத்தைந்து. ஆகவே கண்ணை முகத்தில் வைக்காமல் உடம்புக் கணக்கில் வையுங்கள். 1984-85இல் வந்த ‘சிட்டி ஆஃப் தி டாம்ன்ட்’ கதையில் இரண்டு கண்களும் போய், அதன்பின் செயற்கைக் கண்கள்தான். அந்த இழப்பை அடுத்த வாரமே யாரும் அழித்துவிடவில்லை. ட்ரெட்டின் முதுமை எனக்கு நம்பும்படி இருப்பதற்கு இதுதான் காரணம்.

பழைய பைண்டிங்:
வயது மையக் கதையாகவே ஆவது 1990இல்தான். ஆனால் வரிசை தப்பினால் பாதி போய்விடும். (ஸ்பாய்லர் உண்டு, படிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.)

முதலில் ‘தி டெட் மேன்’. அடுத்து ‘டேல் ஆஃப் தி டெட் மேன்’. அதன்பின் ‘நெக்ரோபோலிஸ்’. சிக்கல் என்னவென்றால், முதல் கதை ட்ரெட் பெயரில் வரவே இல்லை. உடல் கருகி நினைவிழந்த ஒருவன் பாழ்நிலத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்து சேர்கிறான். வரைந்தவர் ஜான் ரிட்ஜ்வே. வாக்னரும் வேறு பெயரில் எழுதினார். கடைசியில்தான் அந்த ஆள் யார் என்று தெரியும். தனிக்கதையாக வந்ததால் ‘கேஸ் ஃபைல்ஸ்’ வரிசையில் அது இல்லை. 14ஆம் தொகுதியை மட்டும் வாங்கியவர்கள் நேரே இரண்டாவது கதையில் நுழைந்து, திருப்பத்தை இழந்துவிடுகிறார்கள். ‘தி டெட் மேன்’ தனிப் புத்தகமாக வந்திருக்கிறது, அதை முதலில் தேடிப் பிடியுங்கள்.

நடப்பது இதுதான். ட்ரெட்டுக்குத் தன் சட்டத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. அவருடைய இடத்துக்குக் கிராக்கன் என்ற இளைய குளோன் தயாராகிறான். அவனைச் சோதிக்கும் பொறுப்பு ட்ரெட்டுக்கு. அவர் தேர்ச்சி தர மறுக்கிறார். தலைமை நீதிபதி சில்வர் அதை மீறி அவனை ட்ரெட்டின் சின்னத்தோடே தெருவில் இறக்குகிறார். ட்ரெட் ‘லாங் வாக்’ போய்விடுகிறார். பணி முடித்த நீதிபதி நகரைவிட்டு வெளியேறி, சாகும்வரை பாழ்நிலத்தில் சட்டத்தைக் காக்கும் வழக்கம் அது. ஒரே மரபணு, உடலில் இளமை, பயிற்சியும் உண்டு. இருந்தும் நகரம் விழுகிறது. மற்ற காமிக்ஸில் கிழவர் திரும்பி வந்தால் பழைய வீரத்துக்குக் கைதட்டல். இங்கே ‘நகல் எடுத்தால் அனுபவமும் கூட வருமா?’ என்ற கேள்வியை முழுத் தொடர் நீளத்துக்கும் விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

காகிதக்கப்பல்:
அருமை சகோ. அதன்பிறகு ட்ரெட்டுக்குப் புத்துயிர்ச் சிகிச்சை கொடுத்துவிடுகிறார்களே, அது ஏமாற்று வேலையாகத் தோன்றவில்லையா?

பழைய பைண்டிங்:
உடம்பைப் புதுப்பிக்கிறார்கள், கடந்த காலத்தைப் புதுப்பிப்பதில்லை. 1982இல் ‘அபோகலிப்ஸ் வார்’. மெகா-சிட்டி ஒன் 80 கோடி மக்களில் பாதியை இழக்கிறது. பதிலுக்கு ட்ரெட் எதிரி நகரமான ஈஸ்ட்-மெக் ஒன்னை அணுகுண்டால் அழிக்கிறார். 2011-12இல் ‘டே ஆஃப் கேயாஸ்’. அந்த நகரத்தின் மிச்ச மனிதர்கள் கிருமியோடு வருகிறார்கள், 40 கோடி 5 கோடியாகிறது. நடுவில் முப்பது வருடம். ட்ரெட் என்றும் முப்பத்தைந்தாகவே இருந்திருந்தால் இந்தப் பழி இவ்வளவு கனக்காது.

மேல்மாடி நூலகம்:
அந்த முப்பது வருடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பீனியைக் கவனியுங்கள். 1990இல் ‘ஜட்ஜ் ட்ரெட் மெகசின்’ முதல் இதழில் தொடங்கிய ‘அமெரிக்கா’ கதையின் வழி பிறந்த குழந்தை. 2006இல் ‘கேடட்’ கதையில் ட்ரெட்டோடு விசாரணைக்குப் போகும் மாணவி. பிறகு முழு நீதிபதி. ட்ரெட்டின் தாடை சொல்லாததை அந்தப் பெண்ணின் வளர்த்தி சொல்லிவிடும்.

வெள்ளிக்கோள்:
மற்ற இருவர் பற்றிச் சுருக்கமாக. விண்வெளி வீரர் டான் டேர், பிரிட்டனின் ‘ஈகிள்’ இதழில் 1950 ஏப்ரலில் வந்தவர். ‘ரோக் பிளானட்’ பயணம் முடிந்து திரும்பும்போது பூமியில் பத்து ஆண்டு போயிருக்கிறது. வழியெல்லாம் உறைதூக்கத்தில் இருந்ததால் அவருக்கு மட்டும் வயது ஏறவில்லை. முதுமையைத் தள்ளிப்போட அறிவியல் புனைவு கைவசம் வைத்திருக்கும் பழைய உத்தி இது. ஓய்வு பெற்ற டேரைப் பார்க்க கார்த் என்னிஸ் எழுதிய ஏழு இதழ்க் கதைக்கு (2007-08) வர வேண்டும்.

பிரெஞ்சு ‘வலேரியன்’ நேர் எதிர். 1967இல் தொடங்கி 2010இல் எழுத்தாளர் கிறிஸ்தானும் ஓவியர் மெசியேரும் முடித்தபோது, நாயகன், நாயகி இருவரையும் கிழவர்களாக்கவில்லை, இன்றைய பாரிஸில் குழந்தைகளாக்கிவிட்டார்கள். அழகான முடிவுதான். ஆனால் இந்தத் திரியின் கேள்விக்கு அது பதிலாகாது. முதன்முறை படிப்பவர்கள் அந்தக் கடைசி ஆல்பத்தை முதலில் எடுக்க வேண்டாம். முந்தைய ஆல்பங்களின் பாத்திரங்கள் கூட்டமாகத் திரும்பி வருகிறார்கள், யார் யார் என்றே பிடிபடாது.