‘காத்திருக்கவும்’ என்று சொன்ன படிவம்

குழு: அம்மாச்சி வீடு
(குழு விதி, பெரிய மாமா வகுத்தது: தமிழில், முழு வாக்கியத்தில் எழுதவும்.)

வியாழன்

மாலை 6:12 – நான்
எல்லாருக்கும் வணக்கம். ஒரு கல்லூரியில் நூலக உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நாளை மாலை 5 மணியோடு கெடு முடிகிறது. அவர்கள் அனுப்பிய பிடிஎஃப் படிவத்தைக் கைப்பேசியில் திறந்தால், படிவத்துக்குப் பதிலாக, ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று தொடங்கும் சில ஆங்கில வரிகள் மட்டுமே வருகின்றன. அரை மணி நேரமாகக் காத்திருக்கிறேன், ஒன்றும் மாறவில்லை. கோப்பு பூட்டப்பட்டிருப்பதாகவும் செயலி காட்டுகிறது. யாருக்காவது விவரம் தெரியுமா?

மாலை 6:20 – பெரிய மாமா
பாப்பா, கோப்பை எனக்கும் அனுப்பு. உன் வீட்டில் இணையம் மெதுவாக இருக்கலாம். தஞ்சாவூரில் இன்று வேகமாகவே இருக்கிறது. நான் திறந்து வைத்துக் காத்திருந்து பார்க்கிறேன்.

மாலை 6:41 – சின்ன மாமா
காத்திருப்பானேன்? பிடிஎஃப் பூட்டைக் கழற்றித் தரும் இணையதளங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒன்றில் ஏற்றினேன், இரண்டே நிமிடத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டது. பூட்டில்லாத கோப்பை இங்கேயே இணைத்திருக்கிறேன், திறந்து பார்.

மாலை 6:45 – நான்
மாமா, பூட்டு போய்விட்டது. ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ மட்டும் அப்படியே இருக்கிறது.

மாலை 7:03 – ஸ்கார்பரோ சித்தி
இங்கே இப்போது காலை நேரம். கண் விழித்ததும் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சித்தப்பாவின் அம்மாவைக் கனடாவுக்கு அழைக்கக் குடியேற்றப் படிவங்களை நிரப்பியபோது இதே வரிகளை நாங்கள் ஒரு முழு மாலை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாப்பா, அது காத்திருந்தால் வருவதில்லை. கணினியில் அடோபி ரீடரை நிறுவி, அதில் திறந்தால்தான் வரும்.

மாலை 7:15 – பெரிய மாமா
வராது என்றால் எதற்காகக் காத்திருக்கச் சொல்கிறார்கள்? இதை யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

மாலை 7:38 – கோவை அண்ணன்
மாமா, பிடிஎஃப் என்ற ஒரே பெயரில் வந்தாலும் எல்லாக் கோப்புக்கும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. சாதாரணப் படிவத்தில் பக்கம் அச்சடித்த தாளைப் போல முன்பே வரையப்பட்டிருக்கும். நிரப்பும் கட்டங்கள் அதன் மேல் அமர்ந்திருக்கும். இது எக்ஸ்எஃப்ஏ என்ற வகை. நீங்கள் பார்க்கும் அந்த ஒற்றைப் பக்கம் வெறும் மேலுறை. உண்மையான படிவம் உள்ளே குறிப்புகளாகத்தான் இருக்கிறது, அந்தக் குறிப்புகளைப் படித்துப் பக்கங்களை வரையத் தெரிந்த மென்பொருள் திறக்கும்போதுதான் மேலுறை விலகும். அடோபி ரீடரின் கணினிப் பதிப்புக்கு அது தெரியும், அதே நிறுவனத்தின் கைப்பேசிச் செயலிக்குத் தெரியாது. இந்த வகை இனி வேண்டாம் என்று 2017இல் வெளியான பிடிஎஃப் தரநிலையிலேயே ஒதுக்கிவிட்டார்கள். ஆனாலும் ஒருமுறை செய்து வைத்த படிவத்தை எந்த அலுவலகம் மாற்றுகிறது?

மாலை 7:44 – கோவை அண்ணன்
பூட்டு தனிக் கதை. பிடிஎஃப்புக்கு இரண்டு விதமான கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று இருந்தால் கோப்பைத் திறக்கவே முடியாது. மற்றொன்று, திறக்கவும் கட்டங்களை நிரப்பவும் விட்டுவிட்டு, கேள்விகளை மட்டும் யாரும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளும். பாப்பாவிடம் கடவுச்சொல் கேட்கவில்லை என்பதால் இது இரண்டாவது வகை. இதைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. சின்ன மாமா, நீங்கள் ஏற்றியது வெற்றுப் படிவம் என்பதால் பிழைத்தோம். ஆதார் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் நிரப்பிய கோப்பைத் தயவுசெய்து அப்படிப்பட்ட தளத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

மாலை 7:50 – சின்ன மாமா
நல்லது செய்யப் போய் ஏச்சு வாங்குவது எனக்குப் புதிதல்ல.

இரவு 8:10 – அம்மா
வீட்டில் கணினி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். காலையில் தெருமுனை பிரவுசிங் சென்டர் திறந்ததும் இவளை அனுப்புகிறேன்.

வெள்ளி

காலை 10:25 – நான்
சென்டரில் இருக்கிறேன். கோப்பை இருமுறை சொடுக்கினால் அது குரோமில் திறக்கிறது, அங்கேயும் அதே வரிகள்தான். கடைக்கார அண்ணன், அச்சடித்துக் கையால் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பிவிடலாம் என்கிறார். கையால் எழுதியவை ஏற்கப்படமாட்டா என்று அறிவிப்பில் இருக்கிறது.

காலை 10:31 – கோவை அண்ணன்
கோப்பைக் கணினியில் சேமித்துக்கொள். அதன் மேல் வலப்பக்கச் சொடுக்கு கொடுத்து, எதைக் கொண்டு திறப்பது என்று கேட்கும் இடத்தில் அடோபி ரீடரைத் தேர்ந்தெடு.

காலை 10:36 – நான்
வந்துவிட்டது! ஐந்து பக்கங்கள் இருக்கின்றன, வெளிர்நீலக் கட்டங்களோடு.

காலை 11:02 – நான்
பிறந்த தேதியை 14.06.2001 என்று புள்ளி வைத்து அடித்தால், அடுத்த கட்டத்துக்குப் போன உடனே அழிந்துவிடுகிறது. மூன்று முறை அடித்துப் பார்த்த பிறகுதான் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருப்பதைக் கவனித்தேன்; அதை அழுத்தினால் நாட்காட்டி விரிகிறது, அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. இப்போது பெரிய சிக்கல் வேறு. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போக விடவில்லை.

காலை 11:06 – பெரிய மாமா
நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொண்டு மூன்று தலைமுறையாக நிம்மதியாக இருக்கிறோம். தலைப்பெழுத்தை மட்டும் போட்டுப் பார்.

காலை 11:08 – நான்
போட்டேன் மாமா. ஓரெழுத்தை அது பெயராக மதிக்கவில்லை.

காலை 11:15 – ஸ்கார்பரோ சித்தி
நாங்கள் கடவுச்சீட்டில் செய்ததுபோல அப்பாவின் முழுப் பெயரைக் குடும்பப் பெயராகப் போடலாம். ஆனால் உன் மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து மட்டும்தானே இருக்கும்? பின்னால் சான்றிதழ் சரிபார்க்கும்போது இரண்டு பேரா ஒருவரா என்று கேட்பார்கள். கல்லூரி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடு.

காலை 11:32 – நான்
கேட்டேன். அப்பாவின் பெயரையே போடும்படியும், சான்றிதழில் உள்ளபடி என் பெயரைக் கடைசிப் பக்கத்தில் உள்ள குறிப்புக் கட்டத்தில் எழுதும்படியும் சொன்னார்கள். இன்று இதைக் கேட்டு அழைக்கும் ஒன்பதாவது ஆள் நான் என்றும் சொன்னார்கள்.

பகல் 12:20 – நான்
முடிவில் ‘சரிபார்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தியதும் மூன்று கட்டங்கள் சிவந்தன. அஞ்சல் குறியீட்டு எண்ணை நடுவில் இடம்விட்டு எழுதியது அதில் ஒன்று. திருத்திவிட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று, அச்சிடும் இடத்தில் பிடிஎஃப்பாகச் சேமி என்பதைக் கொடுத்து அந்தக் கோப்பை அனுப்பலாமா?

பகல் 12:23 – கோவை அண்ணன்
வேண்டாம், வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் கட்டங்கள் எல்லாம் போய், பார்வைக்கு அச்சுத்தாள் போன்ற ஒன்றுதான் மிஞ்சும். அவர்கள் இந்த வகைப் படிவத்தை வைத்திருப்பதே நீ நிரப்பியதைக் கோப்பிலிருந்து நேராகத் தங்கள் கணினிக்கு எடுத்துக்கொள்ளத்தான். ரீடரில் சாதாரணமாகச் சேமித்து, ஒருமுறை மூடித் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தக் கோப்பையே அனுப்பு. அனுப்பியதும் மின்னஞ்சலிலிருந்து வெளியேறி, சென்டர் கணினியில் உள்ள பிரதியை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு எழுந்திரு.

பகல் 12:51 – நான்
அனுப்பிவிட்டேன், விண்ணப்ப எண்ணும் வந்துவிட்டது. பிரதியை அழித்துவிட்டேன். குப்பைத் தொட்டியில் வேறு யார் யாருடைய ஆதார் அட்டைகளோ பதினைந்து இருபது கிடந்தன; கடைக்கார அண்ணனிடம் சொல்லி அவற்றையும் காலி செய்யச் சொன்னேன்.

பகல் 12:58 – அம்மா
சரி, சாப்பிட வா.

பகல் 1:10 – பெரிய மாமா
மிக்க மகிழ்ச்சி, பாப்பா. என் கைப்பேசியில் நேற்று மாலையிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன். இனி அதை மூடிவிடலாமா?