காதுகுத்துக்கு கேனான் 1500டி: டயலை எந்த எழுத்தில் வைப்பது?

செல்லூர் மாப்பிள்ளை:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மச்சான் துபாய்க்குக் கிளம்பும்போது தன் கேனான் 1500டி-யை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். கூட வந்தது 18-55 லென்ஸ் மட்டும். ஆவணியில் அக்கா மகளுக்கு மேலமடை பாண்டி கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம், பக்கத்து மண்டபத்தில் கிடா விருந்து. "போட்டோவுக்கு எதற்குத் தனியாக ஆள்? அதுதான் கேமரா சும்மா கிடக்கிறதே, நீயே எடுத்துவிடு" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

டயலை ஏ பிளஸில், அதாவது முழு ஆட்டோவில், வைத்தால் நிழலுக்குள் போன உடனே ஃபிளாஷ் தானாக எழும்பி முகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது. எம்-மில் வைத்தால் ஒன்று கும்மிருட்டு, இல்லாவிட்டால் ஒரே வெளுப்பு. பி, டிவி, ஏவி மூன்றும் எதற்கென்று யூட்யூபில் தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சக்கரமும் ஒன்றுதான் இருக்கிறது. எம்-மில் அதைச் சுற்றினால் ஷட்டர் மட்டும்தான் மாறுகிறது, அப்பர்ச்சரை எப்படி மாற்றுவது? 3.5 வைத்தாலும் ஜூம் செய்ததும் 5.6 ஆகிவிடுகிறது. லென்ஸில் கோளாறா?

இருட்டறை:

தம்பி, அக்கா மகள் என்கிறீர்கள். அப்படியென்றால் தாய்மாமன் நீங்கள்தானே? ஆசாரி ஊசியை எடுக்கும்போது பிள்ளை உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரம் கேமரா யார் கையில்?

இதை உங்கள் அக்காவும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. ஆகவே நீங்கள் கற்க வேண்டியது இரண்டு: நீங்களே எடுக்கும்போது எப்படி வைப்பது, இன்னொருவர் கையில் கொடுக்கும்போது எப்படி வைத்துக் கொடுப்பது. இரண்டாவதுதான் முக்கியம்.

லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை. அதன் முன்பக்கம் 3.5-5.6 என்று போட்டிருக்கும். எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. 18-இல் 3.5 வரை திறக்கும், 55-க்குப் போனால் 5.6-க்கு மேல் திறக்காது. விலை குறைந்த ஜூம் எல்லாம் அப்படித்தான்.

எம்-மில் அப்பர்ச்சர் மாற்ற, பின்பக்கம் வலது கட்டைவிரல் போகிற இடத்தில் ஏவி என்று கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இரண்டு சக்கரம் உள்ள பெரிய பாடிகளில் இந்தப் பொத்தானுக்கு வேலை இல்லை. சக்கரம் ஒரு 'டிக்' நகர்ந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப். மூன்று டிக் போனால் வெளிச்சம் இரட்டிக்கும் அல்லது பாதியாகும். இதைக் கண்ணால் பார்க்காமல் விரலால் எண்ணப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது டயலில் உள்ள எழுத்துகள். படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது (இதுதான் அப்பர்ச்சர்), வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓ எவ்வளவு. இவற்றில் எதை நீங்கள் சொல்கிறீர்கள், எதை கேமரா முடிவு செய்கிறது என்பதைத்தான் அந்த எழுத்துகள் பிரிக்கின்றன. பி-யில் ஷட்டரும் அப்பர்ச்சரும் கேமரா பொறுப்பு. டிவி-யில் ஷட்டர் உங்களுடையது, ஏவி-யில் அப்பர்ச்சர் உங்களுடையது, எம்-மில் இரண்டுமே உங்கள் தலையில். ஐஎஸ்ஓவை நான்கிலுமே நீங்களும் வைக்கலாம், ஆட்டோவிலும் விடலாம். பின்பக்க நான்கு திசைப் பொத்தானில் மேல் பொத்தான் அதற்கு. இந்த நான்கில் எதில் இருந்தாலும், நீங்களாக பொத்தானை அழுத்தி எழுப்பினால் தவிர ஃபிளாஷ் எழும்பாது. உங்கள் சுண்ணாம்புத் தொல்லை அதோடு முடிந்தது.

எழுத்துகளைவிட உங்களுக்கு அதிகம் உதவப் போவது அந்தக் கூட்டல் கழித்தல்தான். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். தாய்மாமன்கள் எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்பார்கள். "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வேட்டி அழுக்காகத் தெரியும், நம்மூர் முகங்கள் மொத்தமாகக் கறுத்துப்போகும். ஏவி-யிலோ டிவி-யிலோ இருக்கும்போது அதே பொத்தானைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கூட்டல் பக்கம் மூன்று டிக் தள்ளுங்கள், வேட்டி வேட்டியாகத் தெரியும். அலங்காநல்லூர் வாடிவாசலில் கறுப்புக் காளை வெளியே பாயும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். காளையே ஃபிரேம் முழுக்க நின்றால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி அதைச் சாம்பல் மாடாக்கிவிடும், புழுதியும் பின்னால் உள்ள ஆட்களும் வெளுத்துப்போவார்கள். அங்கே கழித்தல் பக்கம் இரண்டு, மூன்று டிக். முடிந்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மண்டபத்து வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்து யாராவது நின்றால், வெளியே உள்ள வெயிலைப் பார்த்து கேமரா ஏமாறும். அப்போது மீட்டரிங்கை பார்ஷியல் என்று மாற்றுங்கள், நடுவில் சுமார் 10 சதவீத இடத்தை மட்டும் அளக்கும். முகத்தை நடுவில் வைத்து, பின்பக்க வலது மூலையில் உள்ள நட்சத்திரப் பொத்தானை அழுத்தினால் அந்த அளவு பூட்டிக்கொள்ளும், வ்யூஃபைண்டரில் ஒரு நட்சத்திரம் தெரியும். பிறகு ஃபிரேமை விருப்பப்படி அமைத்து எடுக்கலாம். சில வினாடிகள்தான் நிற்கும், தொடர்ந்து எடுக்க வேண்டுமானால் விரலை எடுக்கக்கூடாது.

இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு: டயல் டிவி-யில், ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ, மெனுவில் அதன் உச்சவரம்பு 3200. மொட்டையடிக்கும்போது பிள்ளை தலையைச் சும்மா வைத்திருக்காது, 1/60 எல்லாம் போதாது. கூரை நிழலில் ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏறும், ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தை ஆல்பத்தில் யாரும் குறை சொல்வதில்லை, ஆடிப்போன படத்தைச் சொல்வார்கள். அப்பர்ச்சர் எண் மினுக்கினால் லென்ஸின் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். 3.5-ஓ 5.6-ஓ மினுக்கினால் வெளிச்சம் போதவில்லை, ஷட்டரை 1/125-க்கு இறக்கச் சொல்லுங்கள். இடது திசைப் பொத்தானில் தொடர் படப்பிடிப்பு வைத்துவிடுங்கள். 1500டி வினாடிக்கு 3 படம்தான் எடுக்கும், ஆனாலும் ஊசி ஏறும் நேரத்துக்கு அது வேண்டும். கொடுப்பதற்கு முன் லென்ஸில் உள்ள ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) சுவிட்சைப் பாருங்கள். பிள்ளைகள் கைபட்டால் முதலில் மாறுவது அதுதான்.

மாட்டுத்தாவணி நிக்கான்:

இருட்டறை ஐயா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நிக்கான் வைத்திருப்பவர்கள் டிவி-யை எஸ் என்றும் ஏவி-யை ஏ என்றும் படித்துக்கொள்ளுங்கள். டி3500-இலும் சக்கரம் ஒன்றே; எம்-மில் கூட்டல் கழித்தல் பொத்தானைப் பிடித்துக்கொண்டுதான் அப்பர்ச்சர் மாற்ற வேண்டும்.

வெள்ளை விஷயத்தைச் சோதித்துப் பார்க்க வேட்டி வரை காத்திருக்க வேண்டாம். விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்கு வாருங்கள். மல்லிகைக் குவியல் ஃபிரேமை நிறைக்கும்படி ஒரு படம், கூட்டல் மூன்று டிக்கில் இன்னொரு படம். முதல் படத்தில் பூ நேற்றுப் பறித்தது மாதிரி இருக்கும்.

ஆனால் ஒன்று. எம்-மில் பழகாதவன் கேமரா தெரிந்தவன் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தம்பி இப்போதிருந்தே எம்-மில் ஆரம்பிக்கட்டும்.

செல்லூர் மாப்பிள்ளை:

ஐயா, மடியில் பிள்ளை என்று படித்ததும் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் மனைவிதான் எடுக்கப்போகிறாள். நேற்று டிவி 1/250-இல் வைத்துக் கொடுத்தேன், வெளியில் நன்றாக வருகிறது. இரண்டு சிக்கல். அவள் கண்ணாடி போடுகிறவள், வ்யூஃபைண்டரில் பார்த்தால் எல்லாம் மங்கல் என்கிறாள், எடுத்த படம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. அப்புறம் வீட்டில் ட்யூப்லைட்டில் எடுத்த படங்கள் ஒன்று மஞ்சளாக, ஒன்று இருட்டாக, ஒன்றில் பட்டை பட்டையாக. மண்டபத்திலும் ட்யூப்லைட்தான்.

இருட்டறை:

வ்யூஃபைண்டர் ஓரத்தில், ரப்பர் வளையத்தை ஒட்டி ஒரு சின்னத் திருகு இருக்கும். பலர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் மச்சான் கண்ணுக்கு ஏற்றபடி அது திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மனைவியைக் கண்ணாடி போட்டபடியே பார்க்கச் சொல்லுங்கள். எதிரே உள்ள காட்சியைப் பார்க்கக்கூடாது, உள்ளே தெரியும் 9 ஃபோகஸ் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். அவை கூர்மையாகத் தெரியும்வரை திருகைத் திருப்பினால் போதும். நீங்கள் எடுக்கும்போது திரும்பவும் உங்கள் கண்ணுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

ட்யூப்லைட் கதை வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, 1/250 ஷட்டருக்குத் தெரியும். ஒரு படம் உச்சத்தில் மாட்டும், அடுத்தது பள்ளத்தில். மலிவான எல்இடி விளக்குகளிலும் இதே தொல்லைதான். ஷட்டரை 1/100-இல் வைத்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரு முழுச் சுற்று அடங்கிவிடும், பட்டை வராது. ஆகவே வெளியே, மர நிழலில் 1/250, மண்டபத்துக்குள் 1/100. காது குத்துவதை வெளியிலேயோ, வாசல் பக்கம் பகல் வெளிச்சம் விழுகிற இடத்திலேயோ வைத்துக்கொள்ள முடியுமா என்று அக்காவிடம் கேளுங்கள், அதுதான் எல்லாவற்றையும்விட நல்ல வழி.

நிக்கான் தம்பிக்கு: எம் எனக்கும் பிடிக்கும். ஃபிலிம் காலத்தில் மதுரை வெயிலுக்கு மீட்டரே வேண்டாம். 100 ஃபிலிம், ஷட்டர் 125, அப்பர்ச்சர் 16, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வெளிச்சம் மாறாத இடத்தில் எம்-மை மிஞ்சியது கிடையாது. பந்தியில் சாப்பிடுகிறவர்களை எடுக்கும்போது அதையே வையுங்கள்: 1/100, 5.6, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கி, வ்யூஃபைண்டருக்குள் கீழே தெரியும் அளவுகோலில் கோடு நடுவுக்கு வரும்வரை சரிசெய்து, அப்படியே விட்டுவிடலாம். வெள்ளைச் சட்டைக்காரர் வந்தாலும் கறுப்புச் சட்டைக்காரர் வந்தாலும் படம் ஒரே மாதிரி வரும். ஆனால் மேகமும் மரநிழலும் மாறி மாறி வருகிற இடத்தில், கேமராவை இப்போதுதான் கையில் பிடித்த பெண்ணிடம் எம்-மைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது வீம்பு. எந்த எழுத்தில் எடுத்தோம் என்று ஆல்பத்தில் எழுதியா இருக்கப்போகிறது?

ஏவி-யை விட்டுவிட்டேன். சொந்தபந்தம் எல்லாம் இரண்டு மூன்று வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவுக்கு ஏவி 8. முன்வரிசைத் தாத்தாவும் பின்வரிசைப் பேரனும் ஒருசேரத் தெளிவாக இருப்பார்கள். ஷட்டர் 1/60-க்குக் கீழே இறங்கினால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். பிள்ளை மட்டும் புதுத் தோட்டோடு தனியாக ஒரு படம் வேண்டுமானால் ஏவி 5.6, ஜூம் 55, பின்சுவரிலிருந்து பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்து, கிட்டப் போய் எடுங்கள், பின்னணி மங்கிப் பிள்ளை எடுப்பாகத் தெரியும். பழகிப் பார்க்க ஒரு ஞாயிறு நாயக்கர் மகாலுக்குப் போய், தூண் வரிசையை 5.6-இல் ஒன்றும் 16-இல் ஒன்றும் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தானே தெரியும்.

செல்லூர் மாப்பிள்ளை:

திருகைத் திருப்பியதும் "இவ்வளவு நாள் இதைச் சொல்லவில்லையே" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. 1/100-இல் பட்டை போய்விட்டது. குத்துவதை மர நிழலில் வைக்க அக்கா சரி என்றுவிட்டாள், ஆசாரியிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.