எப்சம் உப்பு எப்சமிலிருந்துதான் வர வேண்டுமா?

செடிப்பித்தன்:
மாடித்தோட்டத்துக்கு எப்சம் உப்பு வாங்கப் போனேன். ஒரு கடையில் மெக்னீசியம் சல்பேட் பாக்கெட்டை நீட்டி, ரெண்டும் ஒண்ணுதான் சார் என்றார்கள். இன்னொரு கடையில் "ஒரிஜினல் எப்சம்" என்று இரண்டு மடங்கு விலை. எப்சம் என்பது இங்கிலாந்தில் ஓர் ஊர் என்றுதான் எனக்குத் தெரியும். டார்ஜிலிங் டீ மாதிரி, அந்த ஊர்ச் சரக்காக இருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாமா? குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன எப்சமும் இதுதானா?

பழையபேட்டை:
இரண்டாவது கடைக்காரர் உங்களிடம் கதை விட்டிருக்கிறார். எப்சம் லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் இருக்கிறது. 1618-இல் கடும் வறட்சியின்போது ஹென்றி விக்கர் என்பவருடைய மாடுகள் அங்கே ஒரு குட்டைத் தண்ணீரைக் குடிக்க மறுத்தன, அப்படித்தான் அந்தக் கசப்பு நீர் கண்ணில் பட்டது என்று ஒரு கதை உண்டு (கதைதான், சாட்சி கேட்காதீர்கள்). அப்புறம் வயிற்றைச் சுத்தம் செய்ய லண்டன்வாசிகள் அங்கே படையெடுத்தார்கள், நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸும் போய்க் குடித்திருக்கிறார். 1695-இல் நெஹமையா குரூ என்ற மருத்துவர் அந்த நீரிலிருந்து எடுத்த உப்பைப் பற்றி ஒரு நூலே எழுதி, 1698-இல் அதைத் தயாரிக்கும் உரிமையையும் வாங்கினார். ஆனால் அதற்குள் மோல்ட் சகோதரர்கள் வேறு ஓர் ஊற்றிலிருந்து அதே உப்பைக் காய்ச்சி மலிவாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள், பெரிய சண்டை. ஆக, முந்நூறு வருடத்துக்கு முன்பே சரக்கு ஊரை விட்டுப் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இயற்கையில் கிடைக்கும் அந்தக் கனிமத்துக்கே எப்சமைட் என்றுதான் பெயர். டார்ஜிலிங் டீக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதோடு இதை ஒப்பிடவே முடியாது.

மண்புழு:
பெயரை விடுங்க, பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்க. மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் என்று இருந்தால் அதுதான் எப்சம் உப்பு. உரக்கடையில் கிடைப்பது விவசாயத் தரம், செடிக்கு அது போதும், ஆனால் வாயில் போடாதீங்க. நம்ம ஊரில் பேதி உப்பு என்று சொல்வதும் இதே பொருள்தான், அது மருந்துத் தரம். இன்னொன்று, அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் மஞ்சளாகிறதா? அப்படியானால் போடுங்க. சும்மா சும்மா கொட்டாதீங்க. தக்காளிக் காய் அடியில் கறுத்து அழுகுவதற்கு இதைப் போடச் சொல்லி ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள், அது கால்சியம் குறைபாடு, இந்த உப்பு அதை இன்னும் மோசமாக்கத்தான் செய்யும்.

லகான்:
பந்தயம் நடக்கும் எப்சமும் அதே ஊர்தான். ஊரை ஒட்டிய மேட்டுப் புல்வெளியில் 1780 முதல் டெர்பி ஓடுகிறது. 1913-இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட எமிலி டேவிசன் மன்னரின் குதிரை முன்னால் பாய்ந்து, அடிபட்டு இறந்ததும் இங்கேதான். இதில் வேடிக்கை, டெர்பி என்ற பெயர் எப்சமிலிருந்து வரவில்லை, டெர்பி நகரத்தில் ஓடியதாலும் வரவில்லை. பந்தயத்தைத் தொடங்கிய 12-ஆம் டெர்பி பிரபுவின் பட்டப்பெயர் அது. பிறகு கென்டக்கி, மும்பை என்று ஆளாளுக்கு டெர்பி நடத்த ஆரம்பித்ததால், எந்த டெர்பி என்று காட்ட எப்சம் டெர்பி என்று ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

செடிப்பித்தன்:
நன்றி எல்லோருக்கும். ரோஜாவில் மஞ்சள் அடி இலையில்தான் தொடங்கியிருக்கிறது, மலிவான பாக்கெட்டையே வாங்கிவிடுகிறேன். ஒரு அசட்டுக் கேள்வி, எப்சன் பிரிண்டரும் இந்த ஊர்தானா?

பழையபேட்டை:
இல்லை சார், அது ஜப்பான் கம்பெனி. 1968-இல் அவர்கள் விட்ட பிரிண்டரின் பெயர் ஈபி-101, அதன் பிள்ளை என்ற பொருளில் ஈபி-யோடு சன் சேர்த்து எப்சன் ஆக்கினார்கள்.

மண்புழு:
லிட்டருக்கு 5 கிராம் கலந்து சாயங்காலம் இலையில் தெளிங்க. பழைய மஞ்சள் இலை பச்சையாகவில்லையே என்று பார்க்காதீங்க, புதுசாக மஞ்சள் ஏறுவது நிற்கிறதா என்று பாருங்க.