புதுப்பிப்பு: சார்ல்ஸ்டன் முனையம், உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது

அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவில் மாநிலத் துறைமுக நிர்வாகம் கட்டிய லெதர்மன் சரக்கு முனையம் வெறிச்சோடிக் கிடந்ததை முன்பு எழுதியிருந்தேன். 2021 மார்ச்சில் திறந்தும் கப்பல் நிறுவனங்கள் அங்கே வரத் தயங்கின. வந்தவர்கள் மீது துறைமுகத் தொழிலாளர் சங்கம் (ILA) 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது.

அதை எதிர்த்துத் துறைமுக நிர்வாகம் தொடுத்த வழக்கு முடிந்துவிட்டது. அமெரிக்க அரசின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2022 டிசம்பரில் சங்கத்தின் பக்கம் நின்றது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மனுவை விசாரிக்கவே மறுத்துவிட்டது.

பூசல் முழுவதும் கிரேன் கூண்டுக்குள் யார் உட்காருவது என்பதுதான். சார்ல்ஸ்டனின் பழைய முனையங்களில் கிரேனை இயக்குபவர் மாநில ஊழியர். கீழே சரக்குப் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பவர் சங்கத்துக்காரர். புதிய முனையத்தில் இரண்டு வேலையும் தங்களுக்கே என்றது சங்கம்.

என் முந்தைய பதிவில் சங்கத்தின் மீது மட்டும் பழி போட்டது தவறு. சங்கத்துக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருப்பது தெரிந்தே நிர்வாகம் முனையத்தைக் கட்டியது. ஆனால் அந்த மாநில ஊழியர்களுக்குக் சங்கம் மூலம் சம்பளம், வேலை நிபந்தனைகள் பற்றிப் பேரம் பேசும் கூட்டுப்பேர உரிமையே இல்லை. அவர்களுக்காகப் பேச யாரும் இல்லை என்பது இன்னும் உறுத்துகிறது.